புற்றுநோய் மருந்தின் பக்க விளைவுகள்: வீட்டார் அறிய வேண்டியவை



தோட்டப் பள்ளியில் பணிபுரியும் நம்மிடம் பெற்றோர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச மட்டும் வருவதில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்றும், மருந்துப் பையின்மேல் மலாயில் எழுதியிருப்பதன் பொருள் என்ன என்றும் கேட்டு வருகிறார்கள். அப்படி வரும் கடிதங்களில் 'கெமோதெராபி' என்ற சொல்லைக் கண்டால் வீடே கலங்கிவிடுகிறது. நோயைவிட மருந்துக்குப் பயப்படுகிறவர்கள் நம்மிடையே அதிகம். இன்றைய பேச்சில், நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கீமோ மருந்து உடலில் என்னென்ன தொல்லைகளைத் தரும், அவற்றை வீட்டில் எப்படிச் சமாளிக்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பவற்றைக் காண்போம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்கள் சொல்வதை விளங்கிக்கொண்டு, அதை வீட்டு மொழியில் எடுத்துச் சொல்வதே நம் வேலை.

மலேசியாவில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய் மூன்றாவது இடத்தில் உள்ளது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை அடைந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் கத்தி வைத்து எடுக்க முடியாத நிலை பலருக்கு இருக்கும். ஆகவே உடல் முழுவதும் சென்று வேலை செய்யும் மருந்து தேவைப்படுகிறது. இன்று சிலருக்குக் கட்டியின் தன்மையைச் சோதித்துப் பார்த்து மாத்திரை மட்டுமே கொடுக்கிறார்கள். சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி போடுகிறார்கள். ஆனாலும் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற மருந்துகளோடு இன்னொரு மருந்தைச் சேர்த்து டிரிப் வழியாக ஏற்றும் கீமோ சிகிச்சை இன்னும் பலருக்கு அவசியமாகவே இருக்கிறது.

இம்மருந்து ஏன் தொல்லை தருகிறது? தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பதை நாம் அறிவோம். களையைக் குறிவைத்துத்தான் அடிக்கிறோம். இருந்தாலும் பக்கத்திலிருக்கும் மூடுபயிரின் மேலும் கொஞ்சம் படுகிறது. மூடுபயிர் வாடிப் பின்பு மறுபடியும் தழைக்கிறது. புற்றணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவதே கீமோ மருந்தின் வேலை. நம் உடலில் வேறு சில நல்ல அணுக்களும் அப்படி வேகமாகப் பெருகுகின்றன. இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை, வாயிலிருந்து குடல் வரையுள்ள மெல்லிய தோல், முடியின் வேர் ஆகியவை அவை. மருந்து இவற்றின் மேலும் படுகிறது. அதனால்தான் இரத்த அணுக்கள் குறைகின்றன, வாய் புண்ணாகிறது, வயிறு கலங்குகிறது, முடி கொட்டுகிறது. மூடுபயிரைப் போலவே இவையும் திரும்பத் தழைக்கும். அதற்கு இடைவெளி வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். இதை ஒரு சுற்று என்பார்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு சுற்றுகள் கொடுப்பது வழக்கம்.

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை இருப்பதுபோல இந்த 21 நாட்களுக்கும் ஓர் அட்டவணை உண்டு. எந்தத் தொல்லை எந்த நாளில் வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் அல்லவா? ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மருந்து ஏற்றிய நாளை 'முதல் நாள்' என்று எழுதிக் கணக்கு வைக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் காய்ச்சல், வாந்தி, மலம், சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும். பள்ளி செல்லும் பிள்ளைகூட இதை எழுதலாம்.

முதல் வாரத்தில் வருவது குமட்டலும் வாந்தியும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அக்காலத்தில் அதை ஏற்றியவர்கள் ஓயாமல் வாந்தி எடுத்தார்கள். அந்தக் கதைகளைத்தான் பெரியவர்கள் இன்னும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து புழக்கத்திற்கு வந்தது. அதன் பிறகு இன்னும் சில மருந்துகள் வந்துள்ளன. இன்று பலர் ஒருமுறைகூட வாந்தி எடுக்காமல் சிகிச்சையை முடிக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாந்தித் தடுப்பு மாத்திரையைக் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். 'குமட்டல் வரட்டும், பிறகு சாப்பிடலாம்' என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி இரண்டு வகையாக வரும். ஒன்று மருந்து ஏறிய 24 மணி நேரத்திற்குள் வருவது. மற்றொன்று இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வருவது. முதல் நாள் நன்றாக இருந்ததே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தாம் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள்.

இந்த நாட்களில் சாப்பாட்டைச் சிறிது சிறிதாக, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கொடுங்கள். தாளிக்கிற வாசமும் சம்பல் வதக்குகிற வாசமும் குமட்டலைக் கிளப்பும். சமைக்கும்போது நோயாளியை வாசல் பக்கம் காற்றோட்டமாக உட்கார வையுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசம் குறைவு. இட்லி, கஞ்சி, தயிர்ச் சோறு, உப்பு பிஸ்கட், இஞ்சி கலந்த பானம் ஆகியவை பலருக்கு ஒத்துக்கொள்ளும். நோயாளிக்கு மிகவும் பிடித்த பதார்த்தத்தை மருந்து ஏற்றும் நாளில் கொடுக்காதீர்கள். அன்று குமட்டினால் அந்த உணவின்மேலேயே பின்பு வெறுப்பு வந்துவிடும்.

வாந்தியை அடக்கக் கொடுக்கும் மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்பதும் ஒன்று. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு நம்மவரிடையே மிகுந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். நோயாளிக்கு 'இனிப்பு நீர்' இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி சோதித்துப் பாருங்கள். இரவில் தூக்கம் வராமல் இருப்பதும் இம்மருந்தால் இருக்கலாம். எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கும் தனி மருந்து உண்டு. மூன்று நாள் மலம் போகாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றுகிறார்கள். வீட்டிற்கு வந்த பிறகும், மருத்துவர் தடை சொல்லாவிட்டால், நாளொன்றுக்கு எட்டு முதல் பத்துக் குவளை நீர் ஆகாரம் உள்ளே போக வேண்டும். குடிப்பதெல்லாம் வாந்தியாகிறது, சிறுநீர் குறைந்து கறுத்துப் போகிறது என்றால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமன்று.

மருந்து ஏற்றி முதல் இரண்டு நாட்கள் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்து கலந்து வரும். துடைக்கிறவர் கையுறை அணிந்துகொண்டு, பின்பு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கழிப்பறையில் மூடியை மூடி இருமுறை தண்ணீர் விட வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். இதற்காக நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடிக்கலாம், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம். புற்றுநோய் தொற்றுநோயன்று.

இப்பொழுது இரண்டாம் வாரத்திற்கு வருவோம். வாந்தி நின்றிருக்கும். நோயாளி எழுந்து நடமாடுவார். வீட்டார் 'அப்பாடா' என்று மூச்சு விடுவார்கள். அட்டவணையில் மிகவும் ஆபத்தான நாட்கள் இவைதாம். ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து கிடக்கும். வெள்ளணுக்களே கிருமிகளை எதிர்க்கும் காவற்படை. காவற்படை இல்லாத வேளையில் ஒரு சிறு கிருமி நுழைந்தாலும் சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவி உயிருக்கே உலை வைத்துவிடும். வெள்ளணு குறைவதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சீழ் கட்டுவதும் வீங்குவதும்கூட வெள்ளணுக்களின் வேலையே ஆகையால், அவை குறைந்திருக்கும்போது காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கும்.

எனவே நேயர்களே, இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். கீமோ மருந்து பெறுகிறவருக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், அது இரவானாலும் விடியற்காலையானாலும், அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் கண்டாலும், திடீரென்று தளர்ந்து மயங்கினாலும் அப்படியே செய்ய வேண்டும். 'மழையில் நனைந்த காய்ச்சல்' என்று கசாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கவும் கூடாது. பனடோல் காய்ச்சலின் எண்ணைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. எரிகிற வீட்டில் மணியை மட்டும் நிறுத்தி வைப்பது போன்றது அது. இரத்தத்தில் நேராக ஏற்றும் கிருமி எதிர்ப்பு மருந்து ஒன்றே அப்போது காப்பாற்றும். அதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது.

தோட்டத்திலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூரம் அதிகம். ஆகவே முன்னேற்பாடு வேண்டும். ஒன்று, வீட்டில் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. இரண்டு, இரவில் கூப்பிட்டால் கார் எடுத்து வருகிறவர் யார் என்று இன்றே பேசி வையுங்கள். எவரும் இல்லாவிட்டால் 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். மூன்று, சிகிச்சைப் புத்தகத்தையும் மருந்துப் பைகளையும் ஒரே இடத்தில் வையுங்கள். நான்கு, அவசரப் பிரிவின் முகப்பில் நின்று சொல்ல ஒரு வாக்கியத்தை வீட்டில் எல்லாரும் பாடம் செய்துகொள்ளுங்கள்: 'பெசாகிட் இனி செடாங் மெனெரிமா கெமோதெராபி, டெமாம்.' இவர் கீமோ சிகிச்சை பெறுகிறவர், காய்ச்சல் கண்டிருக்கிறது என்பது இதன் பொருள். இதைச் சொல்லாவிட்டால் மற்றக் காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்கார வைக்க நேரிடலாம். சொன்னால் முதலில் கவனிப்பார்கள்.

கிருமியைத் தவிர்க்கவும் வழிகள் உண்டு. கை கழுவுவதே அவற்றில் முதன்மையானது. சளி, இருமல் உள்ள உறவினர்கள் சில நாட்கள் கழித்து வந்து பார்க்கட்டும். பசியாறும்போது கோப்பியோடு அரை வேக்காட்டு முட்டை சாப்பிடுவது நம் நாட்டுப் பழக்கம். சிகிச்சைக் காலத்தில் அதை விட்டுவிட்டு, முழுதாக வெந்த முட்டையைச் சாப்பிடட்டும். மீன், இறைச்சி நன்றாக வேக வேண்டும். வெட்டி வைத்து விற்கும் பழத்தை வாங்காமல், முழுப் பழத்தை வாங்கிக் கழுவி வீட்டில் தோல் சீவுங்கள். சில நோயாளிகளுக்கு வெள்ளணுவைப் பெருக்கும் ஊசி கொடுத்தனுப்புவார்கள். அதனால் எலும்பில் வலி வரக்கூடும். அது ஊசி வேலை செய்வதால் வரும் வலியே.

இந்த வாரத்தில் வாயும் புண்ணாகலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து, உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் கொப்பளிக்க வேண்டும். கலவையை அன்றாடம் புதிதாகச் செய்யுங்கள். மிருதுவான பல்துலக்கியைப் பயன்படுத்துங்கள். மிளகாயையும் புளியையும் குறைத்து, வெற்றிலை பாக்கை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர்கூட விழுங்க முடியாத அளவுக்கு வலித்தாலும், வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு போனாலும் கிளினிக்கிற்குச் சொல்ல வேண்டும். கார்போபிளாட்டின், ஜெம்சிட்டாபின் போன்ற மருந்துகளால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும். பல் ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றிய தழும்பு, தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வாரத்தில் உடல் தேறும். நன்றாகச் சாப்பிட வைக்க வேண்டிய வாரம் இதுவே. முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஹு, தெம்பே எல்லாம் சேரட்டும். களைப்பு மட்டும் முழுவதும் போகாது. 'படுத்தே இருங்கள்' என்பது அன்பான பேச்சுதான். ஆனால் முழு நேரமும் படுத்தால் களைப்பு கூடும். காலையிலும் மாலையிலும் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடப்பது நல்ல மருந்து. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, முகத்தில் விசிறிக் காற்றுப் படும்படி வைத்தால் சற்று அடங்கும். ஆனால் திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த சுற்றுக்கு முன் இரத்தத்தைச் சோதிப்பார்கள். அணுக்கள் போதாவிட்டால் ஒரு வாரம் தள்ளி வைப்பார்கள். அதைச் சிகிச்சையின் தோல்வி என்று எண்ண வேண்டாம். மூடுபயிர் தழைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முடியைப் பற்றி ஒரு சொல். பாக்லிடாக்சல், டோசிடாக்சல், எட்டோபோசைட் ஆகிய மருந்துகளால் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும். பெமெட்ரெக்செட் போன்றவற்றால் அவ்வளவாகக் கொட்டாது. சிகிச்சை முடிந்தபின் முடி திரும்ப வளரும். வேண்டுதலுக்காக மொட்டை போடுவதை நாம் பெருமையாகக் கருதுகிறோம். உயிருக்காகப் போன முடிக்கு வெட்கப்படுவானேன்? ஆனால் பெண்களுக்கு இது எளிதன்று. அவர்கள் அழுதால் அழ விடுங்கள். முன்கூட்டியே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் அதிர்ச்சி குறையும்.

பெமெட்ரெக்செட் பெறுகிறவர்களுக்கு ஃபோலிக் அமிலம் என்னும் சிறிய மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொல்லி, ஒன்பது வாரத்திற்கு ஒருமுறை வைட்டமின் பி12 ஊசியும் போடுவார்கள். 'இது வெறும் சத்து மாத்திரைதானே' என்று விட்டுவிடக் கூடாது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் அதே மருந்து வாயையும் இரத்தத்தையும் கடுமையாகத் தாக்கும். முதல் மருந்து ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, கடைசி மருந்துக்குப் பின் மூன்று வாரம் வரை அதைச் சாப்பிட வேண்டும்.

இலை, வேர், கசாயம் பற்றியும் பேச வேண்டும். டுரியான் பெலாண்டா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்று கரையும் என்கிறார்கள். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியையும் சொல்கிறார்கள். நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டுதான் வினோரெல்பின் என்ற நுரையீரல் புற்றுநோய் மருந்தைச் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதைப் பிரித்தெடுத்து, மாற்றி, மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். செடியை அப்படியே கசக்கிக் குடித்தால் அது நஞ்சு. எந்தக் கசாயமானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புகைபிடிப்பவரானால் இப்போதாவது நிறுத்த வேண்டும். 'வர வேண்டியது வந்துவிட்டது, இனி நிறுத்தி என்ன பயன்' என்பது தவறு. நோய் கண்ட பிறகு நிறுத்தினாலும் மூச்சுக்கும் சிகிச்சைக்கும் நன்மை உண்டு. அதேவேளையில் புகையையே தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகவே நோயாளியைக் குற்றவாளியைப் போல் பார்க்க வேண்டாம்.

இன்னொரு விளைவு மெல்ல மெல்ல வரும். சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்சல் ஆகியவை நரம்பைத் தாக்குவதால் விரல் நுனிகள் மரத்துப்போகும், பாதத்தில் ஊசி குத்துவது போலிருக்கும். சிஸ்பிளாட்டினால் காதில் இரைச்சலும் கேட்கும். பால் மரம் வெட்டிய கைக்குக் கத்தியின் பிடி தெரியாமல் போனால் அது சிறிய விஷயமா? சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுகிறது என்ற முதல் நாளே மருத்துவரிடம் சொன்னால், அவர் அளவைக் குறைக்கலாம், அல்லது மருந்தை மாற்றலாம். சொல்லாமல் அடுத்த சுற்றையும் ஏற்றிக்கொண்டால் அந்த மரப்பு நிலைத்துவிடக் கூடும்.

ஆனால் நம்மவர்கள் சொல்வதில்லையே! 'எப்படி இருக்கிறீர்கள் ஐயா?' என்று மருத்துவர் கேட்டால், 'பரவாயில்லைங்க டாக்டர்' என்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் உழைத்து, பொறுத்துப் பொறுத்தே வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. பொறுமை நமக்குப் பெருமையும் தந்தது. ஆனால் கீமோ சிகிச்சையில் 'பரவாயில்லை' என்ற சொல் நோயாளிக்கே பகையாகிறது. மருத்துவர் அந்தச் சொல்லை நம்பித்தான் அடுத்த சுற்றின் அளவை முடிவு செய்கிறார். சொன்னால் மருந்து கிடைக்கும் தொல்லைக்குச் சொல்லாமல் துன்பப்படுவதும், தாங்க முடியாமல் பாதியிலேயே சிகிச்சையை விட்டு வீட்டில் முடங்குவதும் நம்மிடையே நடக்கின்றன. மலாய் பேசத் தயங்குகிறவர் நோட்டுப் புத்தகத்தை மருத்துவரின் மேசையில் வைத்தால் போதும். நாளும் தொல்லையும் அதில் இருக்கும். இதற்காகத்தான் தொடக்கத்திலேயே அதை எழுதச் சொன்னோம்.

கீமோ எல்லாருக்கும் நோயை முற்றாகத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பலருக்கு அது நோயைக் கட்டுப்படுத்தி, மூச்சையும் வலியையும் இலேசாக்கி, கூடுதலான காலத்தைத் தரும். அந்தக் காலம் வாந்தியிலும் பயத்திலும் கழியாமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் காலமாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம், இரவில் கார் எடுக்க ஒருவர், மறைக்காமல் பேசும் வாய் ஆகியவை இருந்தால் இத்தொல்லைகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம். உங்கள் தோட்டத்தில், உங்கள் லயத்தில் யாராவது இம்மருந்தைப் பெறுகிறார் என்றால், 38 என்ற எண்ணை அவர் வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.